மாற்று வீடு எடுக்கக் கூடாது

சாய்ந்தமருது
14.06.2025

அன்பு றிஸ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கோல் எடுக்க வேண்டாம், எழுதுங்கள் என்றாய். இதோ எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து ஆறு வருடத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம், உன் ஆராய்ச்சிக்கான கள அறிக்கையாகப் போகிறது.

பெருநாள் அன்று நான் கத்தியது பிழைதான். ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. தொழுதுவிட்டு வந்து, மாமி வைத்த வட்டிலப்பத்தை வாயில் போட முன்னம், மலேசியாவில் படிக்கிற பெண்சாதிக்கு ஒருவன் ஆசையாகக் கோல் எடுக்கிறான். அந்தப் பக்கம் ஓர் ஆம்பிளைக் குரல் வருகிறது. "றிஸ்னா கை கழுவப் போயிட்டா, வரச் சொல்லட்டா?" அவன் வேறு என்ன கேட்பான்? நீ யாரடா என்றுதான் கேட்பான். அவர் பெயர் நளீம், அக்கரைப்பற்று ஆள், புள்ளிவிபரத்தில் கலாநிதிப் பட்டம் செய்கிறார், உனக்குப் பக்கத்து மேசை, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட்ட இடத்தில் போன் விடாமல் அடித்ததால் எடுத்தார். எல்லாம் விளங்குகிறது. விளங்கினாலும் வயிறு எரிகிறது.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, வினாக்கொத்தோடு போகிற பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டுதான் சின்னத் தெருவெல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிறார்கள். முந்நூறு வீட்டில் பாதிக்கு மேல் முடிந்தது. நீ எழுதிய வினாக்கொத்து ஊரைக் கலக்குகிறது. "நேற்று நீங்கள் எங்கெங்கே போனீர்கள், எந்த வழியால், யாரோடு?" என்று பெண்களிடம் கேட்டால் சும்மா விடுவார்களா? கல்முனைக்குடியில் ஒரு மனுஷன் முன்னுக்கு வந்து, "என்ட பொண்டாட்டி எங்கயும் போறல்ல" என்றார். திரைக்குப் பின்னால் இருந்து அந்தப் பெண், "தங்கச்சி, அஞ்சு இடம் எழுதுங்க" என்றது. கேட்கப் போன பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் பேனையைக் கீழே போட்டுவிட்டாள்.

ஒரு சின்னச் சிக்கல். மருதமுனையில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. பாண்டிருப்புப் பிள்ளை தர்சினி போனாள். இப்போது ஏலாது என்று வேலி வாசலில், கடப்படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்கட்டா? அதே மாதிரி வீடு, அதே மாதிரி ஆட்கள். ஓம் என்று ஒரு சொல் எழுது, முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
முபீன்

*

கோலாலம்பூர்
16.06.2025

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். அறிக்கை கிடைத்தது. அதன் முதல் பாதியை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று வீடு எடுக்கக் கூடாது. இதைப் புறப்பட முன்னம் முன் அறையில் இருத்தி வைத்து உங்களுக்கும் அந்த ஆறு பிள்ளைகளுக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். கடப்பைத் தட்டியதும் கதவு திறக்கிற வீடு ஒரு மாதிரி. திறக்காத வீடு வேறு மாதிரி. திறக்காததை எல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் என்ன கிடைக்கும்? எப்போதும் வீட்டோடு இருக்கிற, வந்தவருக்குத் தேத்தண்ணி போட நேரம் உள்ள பெண்களின் ஊர் கிடைக்கும். எந்த ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது, எந்த வடிகானை மூடி நடைபாதை ஆக்குவது என்று காரியாலயத்தில் முடிவெடுக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். விளக்கு, வெளியே போகாத பெண்களின் வாசலில் எரியும்.

முழு வீட்டுப் பட்டியலையும் கணினியில் போட்டு, எழுமாறாக எடுத்த வீடுகள் இவை. நான் விரும்பி எடுத்ததும் இல்லை, விரும்பாமல் விட்டதும் இல்லை. ஒவ்வொரு வீடும் தன்னைப் போன்ற இருபது வீட்டுக்குச் சேர்த்துப் பேசுகிறது. அந்த வாயை நீங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்க முடியாது.

விதி உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு மூன்று தரம், வேறு வேறு நேரத்தில் போக வேண்டும். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் மேற்பார்வையாளர் போக வேண்டும். மேற்பார்வையாளர் நீங்கள். போங்கள்.

தர்சினி தன் ஸ்கூட்டியில்தானே போய் வருகிறாள்? சும்மா கேட்டேன்.

றிஸ்னா

*

சாய்ந்தமருது
21.06.2025

அன்பு றிஸ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போனேன். செவ்வாய் பின்னேரம் ஒரு தரம், இன்று காலை ஒரு தரம். அங்கே இருக்கிற பெண் இத்தாவில் இருக்கிறா. மாப்பிள்ளை மௌத்தாகி இரண்டு மாதம். நான் கடப்படியில் நின்று சலாம் சொன்னேன், உள்ளேயிருந்து சின்ன மகள் வந்து, "உம்மா பிற ஆம்பிளையளோட கதைக்கிறல்ல" என்றுவிட்டு ஓடிவிட்டது. விதவைக்கு நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை அப்படித்தானே. முடிய ஓகஸ்ட் ஆகும். உனக்கு இந்த மாதக் கடைசியில் கணக்கு வேண்டும். விதியை எழுதும்போது நம் ஊரில் இத்தா என்று ஒன்று இருப்பது உனக்கு நினைவு வரவில்லையா? எனக்கும் வரவில்லை, அதனால் குறை சொல்ல மாட்டேன். விட்டுவிடட்டா?

இன்னொன்று. நீ போன தரம் அனுப்பிய கடிதத்தின் பிரதி நளீமுக்கும் போயிருக்கிறது. மேலே அவருடைய மின்னஞ்சல் முகவரி கிடக்கிறது, கீழே என் கடிதமும் அப்படியே கிடக்கிறது. அறிக்கை என்றால் அவருக்கும் போகட்டும். "மச்சான்" என்று தொடங்குகிற கடிதத்தில் அவருக்கு என்ன வேலை? நான் வட்டிலப்பம் தின்றதும் வயிறு எரிந்ததும் அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டுமா?

மாமி சுகம். மாமா புதன்கிழமை கிளினிக்குக்குப் போய் வந்தார். உன் வீட்டு முன் மரத்தில் மாங்காய் விழுந்து கொட்டுகிறது, பொறுக்கத்தான் ஆள் இல்லை.

முபீன்

*

கோலாலம்பூர்
24.06.2025

மச்சான்,

நளீமின் முகவரியை எடுத்துவிட்டேன். இது உங்களுக்கு மட்டும்.

இத்தாவில் இருக்கிற பெண் என்று எழுதினீர்கள். மாப்பிள்ளை மௌத்து என்று எழுதினீர்கள். மகள் ஓடி வந்தது வரை எழுதினீர்கள். பெயரை மட்டும் எழுதவில்லை. என் தங்கச்சி நேற்று எனக்குக் கோல் எடுத்தாள். "மச்சான்ட மோட்டார்சைக்கிள் ஜெனூபாட கடப்படியில நிண்டதாமே" என்று கேட்டாள். மருதமுனையில் இருந்து சாய்ந்தமருதுக்குச் செய்தி வந்து, அங்கிருந்து கடல் தாண்டி என்னிடம் வந்துவிட்டது. உங்களிடமிருந்து மட்டும் வரவில்லை.

ஜெனூபா. உங்கள் உம்மா உங்களுக்கு முதலில் பேசிய பெண். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு இல்லை என்று அந்தச் சம்மந்தம் குழம்பி, பிறகுதான் என் வாப்பாவிடம் வந்தார்கள். இதை எனக்கு யாரும் ஒளிக்கவில்லை. நம் கல்யாண வீட்டில் உங்கள் சாச்சி, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற சோற்றுச் சகனில் கையை வைத்துக்கொண்டு, என் காது கேட்க, "வீடு மட்டும் இரிந்திருந்தா இண்டைக்கு இந்தக் கதிரையில ஜெனூபாதான்" என்றா. புதுப் பெண் என்பதால் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக அந்தக் கதிரையை விட்டு என்னால் எழும்ப முடியவில்லை. இந்த மனுஷன் எனக்காக வந்தாரா, நாலு அறைக்கும் கிணற்றுக்கும் மாமரத்துக்கும் வந்தாரா? நீங்கள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் அவவை நினைக்கிறீர்கள் என்று நினைப்பேன். நல்லா இருந்தாலும் நினைப்பேன், வீடு வசதியாக இருக்கிறது போல என்று.

அவவுடைய மாப்பிள்ளை றஸாக் மௌத்தானது உங்களுக்குச் சித்திரையிலேயே தெரியும். எனக்குச் சொல்லவில்லை. இப்போது அவ தனியாள். நான் இங்கே. நீங்கள் அங்கே, கையில் நான் எழுதிக் கொடுத்த கேள்விகளோடு. நேற்று எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேனே, எனக்கு நல்லா வேண்டும்.

இனி அந்தக் கடப்படிக்குப் போக வேண்டாம். இத்தாவில் இருக்கிற பெண் எங்கே போவா? எங்கும் போக மாட்டா. பயணம் பூச்சியம் என்று நீங்களே நிரப்பி அனுப்புங்கள். முடிந்தது.

றிஸ்னா

*

சாய்ந்தமருது
26.06.2025

மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய வழிகாட்டியில் ஓர் இடத்தில் கறுப்பு மையால் தடிப்பாக இப்படி இருக்கிறது: "வீட்டுக்குப் போகாமல் நிரப்பும் வினாக்கொத்து பொய். ஒன்றை அப்படி நிரப்பியவரின் மற்ற எல்லாவற்றையும் எறிய வேண்டும்." நான் அந்தப் பூச்சியத்தைப் போட்டால் என் பிள்ளைகள் வெயிலில் நடந்து எடுத்த அத்தனையையும் எறிய வேண்டி வரும். அதனால் போட மாட்டேன்.

பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் இப்படி ஒரு கடிதம் வரும் என்று தெரிந்துதான். முதல் கடிதத்திலேயே அந்த வீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். மாற்றக் கூடாது, மேற்பார்வையாளர் நீங்கள், போங்கள் என்று துரத்தியது யார்? துரத்திவிட்டு, ஏன் போனாய் என்று கேட்பதும் தாங்களே.

றஸாக்கின் ஜனாஸாவுக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மனுஷன் மணலில் அப்படியே சரிந்துவிட்டார். என்னோடு பள்ளிக்கூடம் படித்தவர். கபுறில் மூன்று கை மண் போட்டேன். அதையும் உங்களுக்குச் சொல்லப் பயந்தேன். ஒரு மையித்தைப் பற்றிப் பெண்சாதியிடம் சொல்லப் பயப்படுகிற ஆம்பிளை இந்தக் கரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். அந்த வீட்டை உங்கள் கணினி எழுமாறாக எடுத்தது என்று நம்பச் சொல்கிறீர்கள். நம்புகிறேன். உங்களுக்குப் பக்கத்து மேசையில் நளீமை இருத்தியதும் அதே கணினிதானா?

நாளை தர்சினி இன்னொரு தரம் போவாள். பெண் பிள்ளை, தன் ஸ்கூட்டியில். நான் சந்தியோடு நின்றுவிடுவேன்.

முபீன்

*

சாய்ந்தமருது
28.06.2025

றிஸ்னா,

சலாம். முந்தாநாள் கடிதம் போல எழுத இன்று எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தர்சினி போனாள். அவளை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறா. கேள்வி கேட்கத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டாவாம். தர்சினி வற்புறுத்தியதற்கு அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ நல்ல புள்ளதான். ஆனா நாளைக்கும் இந்த ஒழுங்கையாலதான் நீ போவாய். ஆரும் உன்னக் கேப்பாங்க. இந்தக் கேள்வியள எழுதினவ ஆரு? முபீன்ட பொண்டாட்டிதானே. அவ தூரத்துல இரிக்கா. அவ கேக்கட்டும், சொல்றன்."

அவவுடைய போன் இலக்கம் கீழே இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் உன் பாடு. எடு என்று நான் சொல்ல மாட்டேன். எடு என்றாலும் ஒரு அர்த்தம் எடுப்பாய், வேண்டாம் என்றாலும் ஒரு அர்த்தம் எடுப்பாய்.

முபீன்

*

கோலாலம்பூர்
29.06.2025

மச்சான்,

எடுக்க மாட்டேன்.

அவ ஏன் என்னைக் கேட்கிறா? என் குரல் எப்படி என்று பார்க்கவா? "முபீன்ட பொண்டாட்டி" என்று அவ வாயால் வந்ததைத் தாங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், எழுதும்போது கை இனித்ததா?

பதில் இல்லை என்று குறித்துவிடுங்கள். நளீமிடம் கேட்டேன். ஓம், வேண்டுமென்றே அவரிடம்தான் கேட்டேன். முந்நூறில் ஒரு வீடு போனால் ஒன்றும் குடி முழுகாது, அந்த வீட்டின் பங்கைப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சரி என்றார். நிதானமாக, சத்தம் போடாமல், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனுஷன்.

றிஸ்னா

*

கோலாலம்பூர்
06.07.2025

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு கிழமையாக எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தைத் தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

வியாழக்கிழமை அந்த வீட்டின் பங்கைப் பிரிக்க உட்கார்ந்தேன். ஜெனூபா பேச வேண்டிய இருபது வீட்டை யார் யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தேன். அதே ஒழுங்கையில் மற்றது நாலு வீடு. நாலிலும் மாப்பிள்ளைமார் இருக்கிறார்கள், மூன்றில் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. பெண்கள் கடைக்கும் வைத்தியசாலைக்கும் பின்னால் இருந்து போகிறார்கள். இவர்களிடம் அவவுடைய வாயைக் கொடுக்க வேண்டும். நான் உங்களுக்கு ஏசிய அதே வேலை. வெட்கமாகப் போய்விட்டது. மடிகணினியை மூடிவிட்டுக் கோல் எடுத்தேன்.

அவவுடைய குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. கொஞ்சம் கரகரத்த குரல். நான் பெயரைச் சொன்னதும், "எடுக்க மாட்டீங்க எண்டுதான் நினைச்சன்" என்றா.

கேள்விகளை ஒழுங்கில் கேட்டேன். நேற்று எங்காவது போனீர்களா என்றதும் மகளை வெளியே அனுப்பினா. பிறகு சொன்னா. "போனன். ஒவ்வொரு நாளும் போறன். விடியச் சுபஹு தொழுதிட்டு, கடற்கரையோட இரிக்கிற கைத்தறிப் பட்டறைக்கு. ஆள் நடமாட முன்னுக்குப் போய், மத்தியானம் லுஹர் பாங்குக்கு ஆக்கள் பள்ளிக்குப் போற நேரம் பாத்து வாறன். ஆலிம்சாக்கிட்ட ஆள் விட்டுக் கேட்டன். சோறு தர ஆள் இல்லாட்டிப் போகலாம், பாதகமில்ல எண்டார். மார்க்கம் விட்டிட்டு. ஊர் விடுமா?"

எந்த வழியால் என்று கேட்டேன். பெரிய ஒழுங்கையால் இல்லையாம். வீடுகளுக்குப் பின்னால் வடிகான் ஓரம் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருக்கிறதாம், விளக்கு இல்லை, பலகை போட்ட இடத்தில் பலகையும் இல்லை, ஒரு நாள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாவாம். எங்கள் வரைபடத்தில் அந்த வழி இல்லை மச்சான். நான் மூன்று மாதம் பார்த்துப் பார்த்துக் கீறிய வரைபடம்.

நான் பூச்சியம் போடச் சொன்ன வீடு அது.

"தர்சினிட்ட சொன்னா ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும். அதுக்காக என்ட வீட்டக் கணக்குல இரிந்து எடுத்துப்போட்டிராதீங்க" என்றா. "அவர் மௌத்தான பிறகு பள்ளிவாசல் கூட்டத்துக்கும் எங்கட வீட்டுக்கு அறிவிப்பு வாறல்ல. நீங்களாவது எழுதுங்க." நான் ஓம் என்றேன்.

வீடு யார் பெயரில் என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டதும் அவ சிரித்தா. இத்தாவில் இருக்கிற பெண்ணின் சிரிப்பு, சட்டென்று நின்றுவிட்டது. "வாடகை வீடு. எப்பயும் வாடகை வீடுதான். வீடு இல்லாததாலதான் உங்கட ஆள் வரல்ல எண்டு நீங்களும் நினைச்சீங்களா?"

மச்சான், அவ வேண்டாம் என்றிருக்கிறா. உங்களை. அவ வாப்பாவிடம் முகத்துக்கு நேரே, "றஸாக்கைத் தவிர வேற ஆரையும் கலியாணம் முடிக்க மாட்டன்" என்றிருக்கிறா. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று உங்கள் உம்மாவிடம் சொன்னால் உங்கள் வீட்டுக்கும் இழுக்கு, அவர்களுக்கும் இழுக்கு. அதனால் அந்த மனுஷன் எல்லாரும் சொல்கிற சாக்குப்போக்கைச் சொல்லியிருக்கிறார், கொடுக்க வீடு இல்லை என்று. உண்மையில் தாயின் வளவில் பாதியை அவவுக்கென்று வைத்திருந்தார்களாம். றஸாக்கை முடித்ததும் கோபத்தில் அதைத் தங்கச்சிக்கு எழுதிவிட்டார்கள். எத்தனை கல்யாணம் இந்த ஊரில் வீடு இல்லை என்று குழம்புகிறது, அதில் எத்தனைக்கு வீடு இருந்திருக்கும்? அந்தச் சாக்குப்போக்கை நான் ஆறு வருடம் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

இப்போது நான் நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. முன்னம் அவவில் பொறாமை, உங்கள் மனதில் அவ இருக்கிறா என்று. அது போய்விட்டது, வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. றஸாக், ஒரு சாமானும் இல்லாத பெண்ணிடம், வாடகைக்கு எடுத்த அறைக்கு, ஊரே சிரிக்க, விரும்பிப் போயிருக்கிறார். ஊரில் பெண் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வருவார், அவரோ வீடே இல்லாத பெண்ணிடம் போனார். அந்த மனுஷன் மண்ணுக்குள். அவ வடிகானில் விழுந்து எழும்புகிறா. அப்படியிருந்தும் எனக்கு அவவில் பொறாமையாக இருக்கிறது. என்ன பெண் நான்? ஆனால் உண்மை அதுதான். என்னிடம் யாரும் அப்படி வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வாப்பாவிடம் அந்த வீடு இருந்திராவிட்டால் நீங்கள் வந்திருப்பீர்களா?

நளீமைப் பற்றி நான் வேண்டுமென்று எழுதியதை மறந்துவிடுங்கள். அவர் என் போனை எடுத்ததும், சத்தம் போடாமல் பேசுவதும் உண்மை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்கள் எரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். எரிந்தீர்களா?

றிஸ்னா

*

நற்பிட்டிமுனை
14.07.2025

அன்பு றிஸ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எரிந்தேன். நல்லா எரிந்தேன். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு நளீம் என்ற பெயருள்ள ஒரு பழக் கடைக்காரரிடம் வாழைப்பழம் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன்.

உன் மற்றக் கடிதத்தைக் காரியாலயத்தில் வாசித்தேன். ஜெனூபா என்னை வேண்டாம் என்றது எனக்குத் தெரியாது. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், முதலில் ரோசம் வந்தது. செத்துப்போன றஸாக்கின் மேல், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மனுஷன் மேல், கொஞ்ச நேரம் எனக்கும் பொறாமை வந்தது. ஆம்பிளைப் புத்தி. பிறகு சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒருவனை நினைத்து நீ ஆறு வருடம் நித்திரை கெட்டிருக்கிறாய்.

அந்த வடிகான் ஓர வழியை நானும் தர்சினியும் நடந்து அளந்து வரைந்துவிட்டோம். தர்சினி முன்னுக்கு, நான் பின்னுக்கு, நடுவில் அளவு நாடா. போதுமா? ஜெனூபாவின் பெயர் எங்கும் இல்லை, வழி மட்டும் இருக்கிறது. இன்னும் பலர் அதால் போகிறார்கள் என்று நடந்த பிறகுதான் தெரிந்தது, சேற்றில் செருப்புத் தடம் நிறையக் கிடந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வீடு இல்லாவிட்டால் வந்திருப்பேனா? எட்டு நாள் யோசித்தேன். வந்திருப்பேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானே நம்ப மாட்டேன். அந்த வயதில் உம்மா காட்டிய வழியால் போனவன் நான். மாட்டேன் என்று எழுதினால் அதுவும் சரியில்லை, நீ சமையலறையில் நின்று கணக்குச் சொல்லிக்கொண்டே மீன் வெட்டுவதை அப்போது நான் பார்த்திருக்கவில்லை. என்ன பதில் எழுதினாலும் எனக்கு நல்ல பெயர் வருகிற மாதிரியே எழுத வருகிறது. அதனால் எழுதுவதை விட்டுவிட்டேன்.

கடிதத்தின் மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். வெள்ளிக்கிழமை உன் வீட்டை விட்டு வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு இல்லை. இங்கே வயல் கரையோடு இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தகரக் கூரை, கச்சான் காற்றுக்கு உள்ளே இருக்க முடியாது, தண்ணீர் வெளியே குழாயில்தான். மாமிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், வேலை இந்தப் பக்கம் கூட என்றேன். மாமி நம்பவில்லை. "என்ட புள்ள வந்தா நான் என்ன சொல்ற" என்று அழுதா. மாமா என் கையிலிருந்த கதவுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார். முபீனை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சாய்ந்தமருதில் கதை அடிபடுகிறது. உன் தங்கச்சி இதற்குள் உனக்குக் கோல் எடுத்திருப்பாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளு.

உன் வீடு உன்னுடையது, அது எங்கும் போகாது. நீ அங்கே போக நினைத்தால் மாமி வாசலில் நிற்பா, நானும் உன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன், ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இங்கே வர நினைத்தால் இரண்டு பாயும் ஒரு அடுப்பும் இருக்கிறது.

நீ லீவில் வருகிற அன்று, கொழும்பு பஸ் விடியக் கல்முனைக்கு வரும். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆட்டோக்காரனுக்கு நீ சொல்லு.

முபீன்